ஊர் திரும்பிய பாதை

புத்தளத்திலிருந்து மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை வழியாக மன்னார் வரும் பழைய பாதையின் கதை நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட நாம் கடல்வழியே கற்பிட்டியில் கரையேறினோம். யுத்தம் முடிந்து 2010இல் பாதை திறந்ததும், ஊர் பார்க்க மோட்டார் சைக்கிளில் இந்தக் கிறவல் பாதையால் வந்தோம். மாரியில் கலா ஓயா பெருகி எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்தை மூடிவிடும். மதவாச்சியால் சுற்ற வேண்டும். வெள்ளம் வடிந்தாலும் பள்ளத்தில் முன்சில்லு புதையும். பின்னாலிருப்பவர் இறங்கித் தள்ளுவார். பாதை வில்பத்து வனத்தை ஊடறுப்பதால் அதே வருடம் வழக்கும் வந்தது. காட்டைக் காக்கத்தான் வேண்டும். ஊருக்கு வந்துபோக நமக்கும் வழி வேண்டும். அந்தப் பாதையில் வந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.