கூரைநீரும் குடிநீரும்: சென்னை வீடுகளில் சேகரிப்பும் தெளிவிப்பும் பிரிந்த வரலாறு

சென்னையில் மழைநீர்ச் சேகரிப்பு என்றதும் இன்று நினைவுக்கு வருவது ஒரு குழி. வீட்டின் பக்கச்சந்தில் ஜல்லியும் மணலும் நிரப்பி, துளையிட்ட சிலாப்பால் மூடியிருப்பார்கள். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் பிவிசி குழாய் அதில் போய் முடியும். அந்தக் குழியின் நீர் பூமிக்குப் போகிறது. வீட்டார் குடிப்பதோ கேன் தண்ணீர், இல்லையென்றால் ஆர்ஓ இயந்திரம் வடித்துத் தரும் தண்ணீர். ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெறும் நகரம் இது. மழையைப் பிடிப்பதும் பிடித்ததைத் தெளியவைத்துக் குடிப்பதும் தமிழ் வீடுகளில் ஒரே வேலையாக இருந்தன. அவை பிரிந்தது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. 1872-க்கும் 1914-க்கும் இடையே குழாய்நீரோடு தொடங்கிய அந்தப் பிரிவு, 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டது என்பது என் வாதம். சட்டம் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது தொடாமல் விட்ட பகுதி எது என்பதையே காட்ட விரும்புகிறேன்.

முற்றமும் தேற்றாங்கொட்டையும்

பழைய ஏற்பாட்டை முழுமையாகப் பார்க்கச் செட்டிநாட்டு வீடுகளுக்குப் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை கட்டப்பட்ட அவ்வீடுகளில், முற்றத்தைச் சுற்றியுள்ள ஓட்டுக்கூரைகள் உட்புறமாகச் சரிந்திருக்கும். நான்கு பக்கத்து நீரும் தாழ்வாரத் தூம்புகளில் சேர்ந்து முற்றத்து மூலைகளில் கொட்டும். அங்கே அண்டாக்களை வைத்து, வாயில் வெள்ளைத் துணியைக் கட்டிவிடுவார்கள். முதலில் பெய்யும் மழையைப் பிடிப்பதில்லை. அது கூரையைக் கழுவிக்கொண்டு வரும் நீர் என்பதால் முற்றத்து வடிகாலில் போகவிட்டு, பிறகு விழும் நீரையே பிடிப்பார்கள். மிஞ்சியது தெருக்கால் வழியாக ஊருணிக்குப் போகும். ஒரே மழை வீட்டுக்குக் குடிநீராகவும் ஊருக்குச் சேமிப்பாகவும் ஆனது. குடிக்கும் ஊருணியில் கால் நனைக்கவும் கூடாது என்ற கட்டுப்பாடு, ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையின் பல ஊர்களில் நெடுங்காலம் இருந்தது.

தெளிவிப்புக்கு இருந்த முதன்மையான பொருள் தேற்றாங்கொட்டை. பானையின் உட்புறச் சொரசொரப்பில் கொட்டையை உரசிவிட்டு நீரை ஊற்றினால், சில மணி நேரத்தில் கலங்கல் அடியில் படிந்துவிடும். இது பிற்காலப் பாட்டி வைத்தியம் அல்ல. கலித்தொகையின் நெய்தற் பகுதியிலேயே, துயரம் நீங்கித் தெளிந்த ஒரு பெண்ணுக்கு இந்தக் கொட்டையால் தெளிந்த நீர் உவமையாகிறது. உவமையாக வந்தால் கேட்போர் எல்லோருக்கும் அது அன்றாடப் பழக்கமாக இருந்திருக்க வேண்டும். சுசுருத சங்கிதையும் நீரைத் தெளிவிக்கும் பொருள்களில் இதைச் சேர்க்கிறது. கொட்டையில் உள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் மிதக்கும் களிமண் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கனமாக்குகின்றன. அதனால் அவை படிகின்றன என்று இன்றைய வேதியியல் விளக்குகிறது. நகராட்சி நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரத்தால் நடக்கும் திரளவைத்தலும் இதே வகைச் செயல்தான்.

ஆனால் தெளிந்த நீர் எல்லாம் கிருமியற்ற நீர் அல்ல. படிவில் ஒரு பங்கு நுண்ணுயிர்கள் கீழே போகும். எஞ்சியவை மேலே நிற்கும். இந்த எச்சத்தைக் குறைக்கப் பழைய வீட்டில் இருந்த இன்னொரு சாதனம் செம்புக்குடம். செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அழிந்தன என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 2012-இல் பதிவு செய்தனர். அந்தக் காலத்தவருக்குக் கிருமி தெரியாது. இரவு செம்பில் வைத்த நீரைக் காலையில் குடிப்பது நல்லது என்பது தெரிந்திருந்தது.

இந்த ஏற்பாட்டை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. அது ஓட்டுக்கூரையும் அண்டாவும் உள்ள வீட்டுக்கானது. கீற்றுக்கூரை வீட்டில் மழைநீர் பழுப்பாக இறங்கும். அங்கே இருந்தவர்களுக்குக் கிணறும் குளமுமே கதி. அவையும் சாதியால் அடைக்கப்பட்டிருந்த ஊர்கள் ஏராளம். குழாய்நீர் வந்தபோது அதை வரவேற்கப் பலருக்கு வலுவான காரணம் இருந்தது.

குழாய் வந்தது

1772-இல் கேப்டன் பேக்கர் என்பவர் வகுத்த திட்டத்தின்படி இன்றைய ஏழுகிணறு பகுதியில் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றின் நீர் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போனது. நகரத்து மக்களுக்கென நீர்த்திட்டம் வர மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. கொசஸ்தலை ஆற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, சோழவரம், செங்குன்றம் ஏரிகளுக்குத் திருப்பி, அங்கிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்த ஏற்பாடு 1872-இல் நிறைவேறியது. அது வடிகட்டாத நீர். ஏரி கலங்கினால் குழாயும் கலங்கியது.

1914-இல் நிலைமை மாறியது. ஜே. டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளரின் திட்டப்படி மூடிய செங்கல் கால்வாயும், கீழ்ப்பாக்கத்தில் மெதுமணல் வடிப்பான்களும் வந்தன. தியாகராய நகரில் மேட்லி சாலை வழியாகத் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் நீர்த்தொடர்பு தெரியுமோ! மெதுமணல் வடிப்பானை ஜேம்ஸ் சிம்ப்சன் 1829-இல் லண்டனின் செல்சீ நீர்நிலையத்தில் நிறுவியிருந்தார். நுண்மணல் படுகையின் வழியாக, மணிக்குப் பத்து முதல் முப்பது சென்டிமீட்டர் என்ற மிக மெதுவான வேகத்தில் நீர் இறங்கும். மணலின் மேற்பரப்பில் இரண்டு, மூன்று வாரங்களில் உயிருள்ள மெல்லிய படலம் ஒன்று வளரும். அந்தப் படலத்து நுண்ணுயிர்கள் நீரோடு வரும் நோய்க்கிருமிகளைத் தின்றும் பிடித்துவைத்தும் நீரைச் சுத்தமாக்குகின்றன. மணல் வெறும் சல்லடை அன்று, உயிரியல் கருவி. பின்னால் வரும் வாதம் முழுவதும் இந்த ஒரு செய்தியைச் சார்ந்தது.

கீழ்ப்பாக்கம் தொடங்கியபின், நீரைத் தெளிவிப்பது வீட்டின் பொறுப்பிலிருந்து அரசின் பொறுப்புக்குப் போனது. குழாய் உள்ள வீட்டில் தேற்றாங்கொட்டைக்கு வேலை குறைந்தது. பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் சேர்ந்தது. 1978-இல் குடிநீர் வாரியம் தனிச் சட்டத்தால் உருவானது. கட்டடக்கலையும் மாறியது. முற்றம் போய் மொட்டைமாடி வந்தது. மாடியில் விழும் மழை, வீட்டைக் காக்க வெளியேற்றப்பட வேண்டிய தொல்லையாயிற்று. சுகாதாரத் துறையின் நியாயமான அச்சமும் இதற்குத் துணைநின்றது. நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி கொசு, கிணற்றிலும் மூடாத தொட்டியிலும் முட்டையிடும். வீட்டில் நீரைச் சேர்த்துவைப்பதே சந்தேகத்துக்குரிய செயலாகிவிட்டது.

2003

ஏரிகள் பொய்த்து, கிணறுகளில் கடல்நீர் புகுந்தபோதுதான் மாடிமழை மறுபடி கவனத்துக்கு வந்தது. நிலத்தடி நீரை உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1987-இல் சென்னைப் பெருநகருக்கு வந்திருந்தது. 2002-இல் மந்தைவெளியில் ரெயின் சென்டர் என்ற செயல்முறை விளக்க மையம் திறக்கப்பட்டது. இயற்பியலாளர் சேகர் ராகவன் அதன் முகமாக இருந்தார். கடற்கரை மணற்பகுதியில் வீடுவீடாகப் போய் அவர் செய்த பிரசாரம், அரசு ஆணைகளுக்கு முந்தியது என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

2003 ஜூலையில் ஜெயலலிதா அரசு பிறப்பித்த அவசரச் சட்டம், புதிய கட்டடம், பழைய கட்டடம் என்ற வேறுபாடின்றி எல்லாவற்றிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சில வாரங்களே கெடு. பிறகு அது நீட்டிக்கப்பட்டது. செய்யாத கட்டடத்தின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் சட்டம் இடம் தந்தது. ஒரு மாநிலம் முழுவதையும் இப்படி ஒரே வீச்சில் இறக்கியது அரிய அரசியல் துணிவு. அதன் பிறகு பல கிணறுகளில் நீர் ஏறியது உண்மை. ஆனால் 2005-இல் மழை மிக அதிகம். ஏறிய நீரில் குழிகளின் பங்கு எவ்வளவு, வானத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அவசரம் வடிவமைப்பை ஒரே அச்சில் வார்த்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் ஒரு சாதாரண ஊறல்குழி நன்றாக வேலை செய்யும். மேற்கு மாம்பலம், அண்ணா நகர்ப் பக்கத்துக் களிமண்ணில் அதே குழி தேங்கி நிற்கும். அங்கே களிமண் அடுக்கைத் தாண்டிப் போகும் உறைகிணறு வேண்டும். கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் பாறை. மண்ணைப் பார்க்காமல் போட்ட குழிகள் பல, கணக்குக் காட்டியதோடு சரி.

இதைவிட முக்கியமான விளைவு வேறொன்று. குழியில் போட்ட கூழாங்கல், ஜல்லி, மணல் அடுக்குக்கு "ஃபில்டர்" என்று பெயர் நிலைத்துவிட்டது. நீர் அதில் பாய்ந்து இறங்குகிறது. ஆண்டின் பெரும்பகுதி அது உலர்ந்து கிடக்கிறது. அங்கே உயிர்ப்படலம் வளர வழியே இல்லை. இலையையும் வண்டலையும் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. குழிக்கு அது போதும். ஆனால் அதே அடுக்கை ஒரு டிரம்மில் போட்டு, மழைக்குழாய்க்கும் குடிநீர்த் தொட்டிக்கும் இடையில் வைத்து, வடிகட்டியாயிற்று என்று நம்பும் வீடுகளைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. 1914-இல் நகரம் கற்ற பாடம் வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை.

தொட்டியைத் தேர்ந்த இடம்

பிரிவு தவிர்க்க முடியாததா? இலங்கை வேறு வழியில் போனது. 1990-களின் நடுவில் உலக வங்கி உதவியுடன் நடந்த சமூக நீர் வழங்கல் திட்டத்தில், பதுளை, மாத்தறை மாவட்டங்களில் வீட்டுக்கு 5,000 லிட்டர் கொள்ளும் ஃபெரோசிமெந்துத் தொட்டிகள் கட்டப்பட்டன. பூசணிக்காய் வடிவம் என்பதால் அந்தப் பெயரே நிலைத்தது. 2005-இல் தேசிய மழைநீர்க் கொள்கையும் வந்தது. சிறுநீரக நோய் பரவிய உலர்வலயக் கிராமங்களில் கிணற்றுநீருக்கு மாற்றாக மழைத்தொட்டிகள் பின்னர் பரவின.

அந்த 5,000 லிட்டர் சென்னைக்கும் பொருந்தும் அளவு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் 1,400 மி.மீ. பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆவியாதலிலும் கழிவிலும் போனாலும் 1,12,000 லிட்டர் கிடைக்கும். நால்வர் குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால், 5,000 லிட்டர் 250 நாள் வரும். வடகிழக்குப் பருவம் ஓய்ந்த ஜனவரியிலிருந்து தென்மேற்கின் மாலை மழைகளைத் தாண்டிச் செப்டம்பர் தொடக்கம்வரை அது எட்டும். தொட்டி நிறைய 65 மி.மீ.க்குக் குறைவான மழை போதும். சென்னையில் அது நல்ல பருவமழை நாள் ஒன்றின் கணக்கு. எஞ்சியதெல்லாம் குழிக்குப் போகலாம். சட்டம் கேட்ட குழியும் வீடு கேட்கும் தொட்டியும் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை.

பிரிந்தவற்றைச் சேர்க்கும் வடிவமைப்பு

பழைய முறையின் வரிசையும் மேட்லி கால அறிவும் சேர்ந்தால் வடிவம் தானே வரும். மாடியைப் பருவத்துக்கு முன் பெருக்கிக் கழுவ வேண்டும். முதல் ஒன்றிரண்டு மி.மீ. மழையை, அதாவது 100 சதுர மீட்டருக்கு 100 முதல் 200 லிட்டரை, நிமிர்ந்த தனிக்குழாயிலோ சிறு தொட்டியிலோ பிடித்துப் பிறகு திறந்துவிட வேண்டும். முற்றத்தில் முதல் மழையைப் போகவிட்ட பழக்கமே இது. அதன்பின் வலை வழியாக நீர், வெளிச்சம் புகாத மூடிய தொட்டிக்குப் போகும். வழிந்தோடும் குழாயின் வாயிலும் கொசுவலை கட்டாயம்.

மணல் வடிப்பானின் இடம் தொட்டிக்கு முன்னால் அல்ல, பின்னால். பெரும்பாலான வீட்டு அமைப்புகள் தவறுவது இங்கேதான். மழையோடு பாயும் நீர் வடிப்பானுக்கு ஆகாது. தினமும் சிறிது சிறிதாக ஊற்றும் நீரே படலத்தை உயிரோடு வைக்கும். கால்கரி பல்கலைக்கழகத்தின் டேவிட் மேன்ஸ் 1990-களில் உருவாக்கிய உயிர்மணல் வடிப்பான் இதற்கே ஏற்றது. நீர் வெளியேறும் குழாயின் வாய் மணலுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் மேலே இருக்கும். ஊற்றாத நேரத்திலும் மணல் நனைந்தே இருக்கும். வாடை இருந்தால் கரி அடுக்கு ஒன்று சேர்க்கலாம். கடைசியில் கொதிக்கவைத்தல் அல்லது புற ஊதா விளக்கு. ஆர்ஓ இதற்குத் தேவையே இல்லை. ஆர்ஓ உப்பை நீக்கும் கருவி. மழைநீரில் நீக்கும் அளவுக்கு உப்பு கிடையாது. நீரில் ஒரு பங்கைக் கழிவாகத் தள்ளும் இயந்திரத்தை மழைநீருக்கு வைப்பது, பெய்ததைச் சாக்கடையில் ஊற்றுவதற்குச் சமம்.

2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் மழைநீர் அமைப்பைக் கேட்கின்றன. கட்டி முடித்தபின் அதன் நீரைச் சோதிப்பதற்கு வழி, வீட்டுக்காரரின் கையில்தான் இருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, 100 மி.லி. நீரில் ஈ கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்கிறது. வீட்டிலேயே அறியக்கூடிய எளிய சோதனை ஒன்றை, குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1982-இல் வெளியிட்டார்கள். மருந்து தோய்ந்த தாள் உள்ள சிறு பாட்டிலில் நீரை ஊற்றி வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். மலக்கலப்பு இருந்தால் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு தாளைக் கறுப்பாக்கும். அக்டோபரில் தொட்டி நிறைந்ததும் ஒருமுறை, கோடையில் நீர் பாதியாகும்போது ஒருமுறை, மணலின் மேல்தோலைச் சுரண்டிச் சுத்தம் செய்த ஒவ்வொரு தடவைக்கும் மூன்று வாரம் கழித்து ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். பாட்டில் கறுத்தால், மறுபடி சரியாகும்வரை அந்த நீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக்கூடாது.