டூகோ முதல் கிளியர் கோட் வரை: நம் கார்களின் மேல்தோலும் ஒரு வாளித் தண்ணீரும்



சென்ற பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். "கார் துடைக்கிறவர் எல்லார் வண்டியிலும் கோடு போட்டு வைத்திருக்கிறார், ஆளை மாற்றுங்கள்" என்று ஒரு மனு வந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் நீங்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. கொஞ்சம் பழைய கதையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. காரணம் கடைசியில் தெரியும்.

கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கமோ முதுநகர் பக்கமோ பழைய ஒர்க்‌ஷாப்புகளைக் கடந்து போனால் "டூகோ பெயிண்டிங்" என்ற எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். மரவேலை செய்கிறவர்கள்கூட "கதவுக்கு டூகோ அடிக்கலாமா?" என்று கேட்பார்கள். அது ஒரு அமெரிக்க நிறுவனத்தின் வணிகப் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

மோட்டார் கார் வருவதற்கு முன்பு குதிரை வண்டிகளுக்கு எண்ணெய் வார்னிஷ் பூசினார்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் 1840-இல் தொடங்கிய சிம்சன் கம்பெனி வண்டி கட்டும் கம்பெனிதான். 1903-இல் அதே பட்டறையில் நீராவி கார் ஒன்றையும் செய்தார்கள். அந்தக் காலத்து வார்னிஷ் ஒரு பூச்சு காய்ந்து அடுத்த பூச்சு போட நாள்கணக்காகும். ஒரு வண்டி முழுதாக முடிய வாரக்கணக்காகும். ஹென்றி ஃபோர்டு 1914 முதல் 1925 வரை மாடல் டி காரைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றதற்கு அந்தக் கறுப்புப் பூச்சு மலிவானது, நீடித்து உழைப்பது ஆகியவையே முக்கியக் காரணங்கள்.

முதல் உலகப் போர் முடிந்ததும் வெடிமருந்துக்காகக் கட்டிய நைட்ரோ செல்லுலோஸ் ஆலைகள் வேலையில்லாமல் நின்றன. டூபாண்ட் நிறுவனம் அந்தப் பொருளிலிருந்தே சீக்கிரம் காயும் லாக்கர் ஒன்றைச் செய்து, அதற்கு 'டூகோ' என்று பெயர் வைத்தது. ஜெனரல் மோட்டார்ஸின் 1924-ஆம் ஆண்டு ஓக்லாண்ட் கார் அந்த நீல லாக்கரோடு வெளியே வந்தது. வாரக்கணக்கான வேலை நாள்கணக்காகச் சுருங்கியது. கார்களுக்குப் பல நிறம் வந்தது அப்படித்தான்.

ஆனால் லாக்கருக்கு ஒரு குறை உண்டு. வெயிலில் மங்கிவிடும். காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால்தான் பளபளப்பு திரும்பும். தேய்த்த துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். அதாவது ஒவ்வொரு முறையும் பெயிண்டில் ஒரு படலத்தையே எடுக்கிறோம்.

இதை நான் கண்ணால் பார்த்தது சிதம்பரத்தில். அண்ணாமலை நகரில் இருந்த என் மாமனாரிடம் ஒரு பிரீமியர் பத்மினி இருந்தது. வருடத்தில் இரண்டு முறை, ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் கோயிலில் ஐந்து தேரும் நான்கு வீதிகளில் ஓடும் நாட்களுக்கு முன்பு, அவரும் தம் 'தேருக்கு' மெருகு ஏற்றுவார். பனியனோடு உட்கார்ந்து காம்பவுண்டை வட்டவட்டமாகத் தேய்ப்பார். பழைய வேட்டித் துணி பச்சை நிறமாகும். "பாத்தீங்களா மாப்ள, எவ்ளோ அழுக்கு!" என்பார். அது அழுக்கு இல்லை, பெயிண்ட் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பதினைந்து வருடத்தில் பானெட்டின் விளிம்புகளில் பிரைமர் சாம்பல் நிறமாக எட்டிப் பார்த்தது. அன்பு குறைந்து கெட்ட கார் இல்லை அது. அன்பு அதிகமாகித் தேய்ந்த கார்.

அம்பாசடர், ஃபியட், சென்னைக்குப் பக்கத்தில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் பெரும்பாலும் நிறமே மேற்பூச்சாக இருந்த காலத்து வண்டிகள். 1983-இல் மாருதி 800 வந்தது. பிறகு மெட்டாலிக் நிறங்கள் பரவின. அவற்றோடு ஒரு புது முறையும் பரவியது. கீழே நிறம், மேலே நிறமே இல்லாத ஒரு கண்ணாடிப் படலம். அதுதான் கிளியர் கோட். நம் பார்க்கிங்கில் இன்று நிற்கும் கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

அந்தப் படலம் எவ்வளவு கனம் தெரியுமா? பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 40 மைக்ரான். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். ஆக, ஒரு முடியைவிட மெல்லிய தோலை நம்பித்தான் கடலூர் வெயிலிலும் உப்புக் காற்றிலும் வண்டியை நிறுத்துகிறோம்.

சென்ற மாதம் என் காரை ஒரு டீடெய்லிங் கடைக்கு எடுத்துப் போனேன். ஏழு வருடக் கார். மூன்று வருடமாக அதிகம் ஓட்டவில்லை, கவனிக்கவும் இல்லை. அந்தக் கடைக்காரர் முதலில் மெஷினைத் தொடவில்லை. நன்றாகக் கழுவினார். பிறகு களிமண் போன்ற ஒரு கட்டியை ஈரமாக்கித் தடவினார். தண்ணீரில் போகாமல் ஒட்டியிருக்கும் இரும்புத் தூள், பெயிண்ட் துளி போன்றவற்றை அது இழுத்துக்கொள்ளும். ஜப்பானில் 1980-களின் இறுதியில் பெயிண்ட் பட்டறை வேலைக்காக வந்த பொருள் அது. பிறகு ஒரு சின்னக் கருவியை ஒவ்வொரு பாகத்திலும் வைத்து அளந்தார். பானெட்டில் 112. வலது கதவில் 190. "இந்தக் கதவு ஒரு தடவை பெயிண்ட் அடிச்சிருக்கு சார்" என்றார். எனக்கு மறந்தே போயிருந்தது. உண்மைதான்.

அடுத்து ஒரு விளக்கைப் பிடித்துக் காட்டினார். பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள். "பெயிண்ட் கரெக்‌ஷன்னா கோட்ட மூடறது இல்ல சார். கோட்டோட ஆழத்துக்குச் சுத்தி இருக்கறத எறக்கறது" என்றார். நெல்லைக் குத்தி அரிசியைத் தீட்டுவது போலத்தான். அளவோடு தீட்டினால் பளிச்சென்று இருக்கும். ஆசைக்குத் தீட்டினால் சத்து போய்விடும். ஒரு நல்ல கரெக்‌ஷனில் போவது சில மைக்ரான்தான். ஆனால் அது திரும்ப வராது. அதனால்தான் நகத்தில் தட்டுப்படும் அளவு ஆழமான கோடுகளை அவர் விட்டுவிட்டார். "அத எடுக்கப் போனா மேல் கோட்டே போயிடும். அது கெடக்கட்டும்" என்றார். என் மாமனார் உயிரோடு இருந்தால் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க வைத்திருப்பேன்.

நான் மெல்ல, "எங்க அப்பார்ட்மெண்ட்ல துடைக்கிறவர் செய்த வேலை" என்றேன். அவர் கேட்டார்: "கவர் போடறீங்களா? காலைல காஞ்ச துணில தட்டுவீங்களா?"

போடுகிறேன். தட்டுகிறேன். ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் காலையில் காபிக்கு முன்பு நானே தட்டுகிறேன். தூசி படிந்த காரின் மேல் கவரை மூடி, இரவெல்லாம் கடற்காற்றில் அதை ஆடவிடுகிறேன். நம் ஊர் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் கண்ணாடியையே கீறும். கிளியர் கோட் எம்மாத்திரம்? மனுவில் கையெழுத்துப் போட்ட கைதான் பாதிக் கோட்டைப் போட்டிருக்கிறது.

மீதிப் பாதி? அடுத்த நாள் கார் துடைப்பவரிடம் போய்க் கேட்டேன். "சார், முப்பது வண்டிக்கு ரெண்டு மணி நேரம். ஒரு பக்கெட்டு. துணி நீங்கல்லாம் குடுக்கறதுதான், பழைய பனியன், துண்டு. தண்ணி போர் தண்ணி. நிறையப் புடிச்சா செக்ரட்டரி திட்டுறாரு" என்றார். முதல் வண்டியின் மணல் முப்பதாவது வண்டி வரைக்கும் அதே வாளியில் பயணம் செய்கிறது. உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த போர் தண்ணீர் வெயிலில் காய்ந்து வெள்ளை வட்டமாகிறது. நாம் அதையும் அவர் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

அவர் செய்வது அவருடைய தந்தை காலத்தில் அம்பாசடருக்குச் சரியாக இருந்த முறை. துணியில் நிறம் வந்தாலும் மறுபடி தேய்த்து மெருகேற்றிக்கொண்டார்கள். பூச்சு மாறியது. வாளியும் துணியும் மாறவில்லை. அவற்றை மாற்ற வேண்டியவர்கள் நாம்.

2004 டிசம்பர் 26 சுனாமியையும், 2011 டிசம்பர் 30 தானே புயலையும் பார்த்த ஊர் இது. உப்பும் மணலும் இங்கே வீட்டுக்காரர்கள், நாம்தான் வாடகைக்கு இருக்கிறோம். அதனால் அடுத்த கூட்டத்தில் ஆளை மாற்றும் தீர்மானத்துக்குப் பதிலாக இவற்றை முன்வைக்கிறேன்.

துடைப்பவருக்குச் சங்கச் செலவில் இரண்டு வாளிகள்: ஒன்று சோப்பு நீருக்கு, ஒன்று துணி அலச. வீட்டுக்கு இரண்டு மைக்ரோஃபைபர் துணிகள் நம் செலவில், அந்தந்தக் காருக்கு மட்டும். தினமும் துடைப்பதை நிறுத்தி, வாரம் இரு முறை, முதலில் தண்ணீர் ஊற்றி மணலை இறக்கிவிட்டுத் துடைப்பது. தினமும் துடைக்கும் தண்ணீர் மிச்சமாவதால் செக்ரட்டரிக்கும் கவலை இல்லை. முடிகிற இடத்தில் கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீர்த் தொட்டித் தண்ணீர். சம்பளத்தில் குறைப்பு கூடாது.

கவர் போடுகிறவர்கள் சுத்தமான காரின் மேல் மட்டும் போடுங்கள். காய்ந்த துணியால் தட்டுகிறவர்கள், என்னைப் போல, நிறுத்திவிடுங்கள். கரெக்‌ஷன் செய்ய நினைப்பவர்கள் முதலில் கனம் அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் மெஷினை எடுப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

மனுவிலிருந்து என் கையெழுத்தை எடுத்துவிடும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்களும் உங்கள் வண்டியின் பானெட்டை ஒரு முறை காலை வெயிலில் சாய்வாகப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டுத் துடைக்கும் துணியையும் பாருங்கள். அப்புறம் கூட்டத்துக்கு வாருங்கள்.