கீதாஞ்சலியில் யேட்ஸின் பென்சில்

கொல்கத்தாவில் வங்காளி நண்பர்களிடம் தாகூரைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். ஒரு கேள்வியை மட்டும் கேட்கக் கூடாது: "ஆங்கில கீதாஞ்சலியை யேட்ஸ்தானே திருத்திக் கொடுத்தார்?" அவ்வளவுதான், கேன்டீனில் டீ ஆறிவிடும் :-) அந்தக் கேள்வி ஏன் இப்படிச் சுடுகிறது என்று தேடிப் படித்தேன்.

1912 மார்ச்சில் தாகூர் கப்பலேற வேண்டியது. உடம்புக்கு முடியாமல் போக, பத்மா நதிக்கரையில் ஷிலைதஹாவில் (இன்று வங்கதேசத்தில் இருக்கிறது) ஓய்வெடுத்தார். புதிதாக எழுதத் தெம்பில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. தன் பாடல்களையே ஆங்கில உரைநடையில் எழுதிப் பார்த்தார். அடுத்த வருடம் அண்ணன் மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதத்தில், யாராவது டீக்கு அழைத்து ஆங்கிலத்தில் எழுதினால் பதில் போடக்கூடத் தனக்குத் துணிச்சல் கிடையாது என்கிறார். ஐம்பது வயதில், தன் மொழியில் உச்சத்தில் இருந்தவர்!

லண்டனில் அந்தக் கையெழுத்துப் பிரதி இருந்த பெட்டியை மகன் ரதீந்திரநாத் பாதாள ரயிலிலேயே விட்டுவிட்டார். நல்லவேளை, தொலைந்த பொருட்களுக்கான அலுவலகத்தில் கிடைத்தது. ஓவியர் ரோதன்ஸ்டைன் படித்துவிட்டு அசந்துபோய் யேட்ஸுக்கு அனுப்பினார். யேட்ஸ் பென்சிலை எடுத்தார்.

யேட்ஸுக்கு வங்காளி தெரியாது. மூலத்தோடு ஒப்பிட முடியாது. அவரிடம் இருந்ததெல்லாம் ஆங்கிலக் காது. இந்தச் சொல் இங்கே உட்காரவில்லை, இந்த வாக்கியம் இழுக்கிறது, இங்கே ஒரு காற்புள்ளி... முன்னுரையும் அவரே எழுதினார். 1912 நவம்பரில் லண்டன் இந்தியா சொசைட்டி 750 பிரதிகள் அச்சிட்டது. சரியாக ஒரு வருடத்தில் நோபல் பரிசு.

வம்பு அப்புறம்தான் ஆரம்பம். புத்தகமே யேட்ஸ் எழுதியதுதான் என்று வாலன்டைன் சிரோல் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் பொதுக்கூட்டத்தில் சொன்னதாக 1915-ல் தாகூர் வருத்தத்தோடு எழுதுகிறார். இந்தியனுக்கு இவ்வளவு வருமா என்ற நினைப்புதான். ஆன்சைட் போய் வந்த நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே காலத்தில் ராபர்ட் பிரிட்ஜஸ் ஒரு கவிதையை மாற்றித் தன் தொகுப்பில் போட அனுமதி கேட்டபோது தாகூர் தயங்கினார். யேட்ஸ் சொல்லித்தான் சம்மதித்தார். காரணம் புரிகிறது இல்லையா? இன்னொரு கை பட்டால் ஊர் வாய்க்கு இன்னொரு அவல்.

சரி, திருத்தம் எவ்வளவு? பிரதியைக் கையில் வைத்திருந்த ரோதன்ஸ்டைன், அங்கங்கே சில சொற்கள்தான், மற்றதெல்லாம் தாகூர் எழுதியபடியே என்கிறார். யேட்ஸோ 1917-ல் பதிப்பாளர் மேக்மில்லனுக்கு எழுதிய கடிதத்தில், சொற்களையும் அதைவிட ஓசையையும் ஓயாமல் சரிசெய்ததாகச் சொல்கிறார். எனக்கு ரோதன்ஸ்டைன் கட்சிதான். உதவி செய்தவருக்குத் தன் உதவி எப்போதும் கொஞ்சம் பெரிதாகவே தெரியும்.

ஆனால் யேட்ஸின் காதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பின்னால் தாகூர் தானே அள்ளி அள்ளி மொழிபெயர்த்த புத்தகங்களைப் புரட்டினால் அந்தக் காது இல்லாத குறை தெரிகிறது. 1935-ல் யேட்ஸ் ரோதன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதத்தில் இதற்காகவே தாகூரைத் திட்டித் தீர்க்கிறார்: பிள்ளைப் பருவத்தில் படிக்காத மொழியில் யாராலும் இசையோடு எழுத முடியாதாம்.

சந்தேகம் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம். ரோதன்ஸ்டைனிடம் இருந்த தாகூரின் கையெழுத்துப் பிரதி இப்போது ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.