பெயர்களைக் கேட்டு வந்தவர்: மட்டாஞ்சேரியின் பட்டியலும் நம் கைப்பேசி எண்களும்

 

முன்பின் அறியாத ஒருவர் ஒரு குழுவுக்குள் வந்து, உறுப்பினர்களின் பெயர், ஊர், தொடர்பு எண் ஆகியவற்றைக் கேட்பதும், கேட்கப்பட்டவர்கள் கொடுப்பதா மறுப்பதா எனத் தயங்குவதும் இணையத்தோடு பிறந்த சிக்கல் என்றே நாம் கருதுகிறோம். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே கொச்சியின் ஒரு தெருவில் இதே காட்சி நிகழ்ந்திருக்கிறது. அதன் ஆவணமும் நம்மிடம் இருக்கிறது.

1686ஆம் ஆண்டு நவம்பரில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசே பெரெய்ரா த பைவா என்னும் யூத வணிகர் கொச்சிக்கு வந்து சேர்ந்தார். அப்போது கொச்சிக் கோட்டை டச்சுக்காரர் வசம் இருந்தது. கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, கொச்சி அரசரின் அரண்மனையை ஒட்டி, மட்டாஞ்சேரியில் யூதர் தெரு இருந்தது. அங்குள்ள பரதேசி ஜெபாலயம் 1568இல் எழுப்பப்பட்டது. 1662இல் போர்த்துகீசியரால் சேதப்படுத்தப்பட்டு, மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின்னர் சீர்செய்யப்பட்டது. தம் இனத்தார் இத்தனை தொலைவில் வாழ்கின்றனர் என்னும் செய்தியின் உண்மையை நேரில் அறிவதே பைவாவின் நோக்கம்.

அவர் விரிவாகக் கேட்டறிந்தார். எத்தனை ஜெபாலயங்கள், அவை எந்தெந்த ஊர்களில் உள்ளன, வழிபாட்டு முறை என்ன, எப்போது வந்து குடியேறினார்கள், யார் யாரோடு மணவுறவு கொள்கிறார்கள் என்பன அவருடைய வினாக்கள். குடும்பத் தலைவர்களின் பெயர்களையும், அவர்களுடைய முன்னோர் வந்த இடங்களையும் பட்டியலாக எழுதிக்கொண்டார். கொடுங்ஙல்லூர், காஸ்டீல், அலெப்போ, பாக்தாத், எருசலேம் எனப் பல ஊர்கள் அதில் இடம்பெற்றன. இத்தகவல்கள் 1687இல் ஆம்ஸ்டர்டாமில் போர்த்துகீசிய மொழியில் சிறு நூலாக அச்சாகின. விரைவிலேயே இத்திஷ் மொழிபெயர்ப்பும் வந்தது. ஓராண்டுக்குள் மட்டாஞ்சேரித் தெருவின் வீட்டுப் பெயர்கள் ஐரோப்பிய நகரங்களில் கைமாறின. பெயர் சொன்னவர்கள் தம் பெயரை வாசித்தவர்களை ஒருபோதும் சந்திக்கப் போவதில்லை.

இதில் தீங்கு எங்கே என்று கேட்கலாம். மட்டாஞ்சேரி மக்கள் பைவாவை மகிழ்ந்தே வரவேற்றனர். அந்தத் தொடர்பின் பயனாக ஆம்ஸ்டர்டாம் சமூகத்திடமிருந்து ஹீப்ரு நூல்கள் கொச்சிக்கு வந்து சேர்ந்தன. தனித்துக் கிடந்த சிறு சமூகத்துக்கு அது பெரும் பேறு. ஆகவே பைவாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இப்பதிவின் நோக்கமன்று. பெயர்ப் பட்டியல் என்பது எத்தகைய பொருள், அது யார் கையில் என்னவாக மாறுகிறது என்பதே கேள்வி.

இக்கேள்வியின் கூர்மையைப் பைவாவின் சொந்தச் சமூகம் நன்கறியும். ஆம்ஸ்டர்டாமின் போர்த்துகீசிய யூதர்கள், ஐபீரிய நாடுகளில் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாகி, பின்னர் தப்பி வந்தவர்களின் வழியினர். அங்கு ‘இன்குவிசிஷன்’ எனப்பட்ட மத விசாரணை மன்றத்தின் முதன்மைக் கருவி பெயர்களே. குற்றம் சாட்டியவர் யார் என்பது கைதானவருக்குச் சொல்லப்படாது. ஆனால் கைதானவர் தம்மோடு பழகியவர்களின் பெயர்களைச் சொல்லியாக வேண்டும். சொல்லப்பட்ட ஒவ்வொரு பெயரும் அடுத்த கைதுக்கு வழிவகுக்கும்.

இந்த நடைமுறை கொச்சிக்கு அயலானதன்று. 1557இல் போர்த்துகீசியர் ஆண்ட கொச்சிக் கோட்டையில், ‘புதிய கிறித்தவர்’ எனப்பட்ட, யூத வழிவந்த மதம் மாறியோர் சிலர் கைதாயினர். அரசரின் ஆட்சிக்குட்பட்ட மட்டாஞ்சேரியில் வாழ்ந்த யூதர்களோடு அவர்கள் கொண்டிருந்த பழக்கம் அவர்களுக்கு எதிரான சாட்சியங்களில் இடம்பெற்றது. கோட்டைக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடந்து செல்லும் தூரமே. உறவினரைக் காணப் போவதும் பண்டிகை நாளில் ஒரு வீட்டில் அமர்வதும் அன்றாட வாழ்வின் பகுதி. அதுவே ஏட்டில் ஏறியபோது குற்றச் சான்றாயிற்று. இவ்வழக்குகளைத் தொடர்ந்து 1560இல் கோவாவில் மத விசாரணை மன்றம் நிறுவப்பட்டது.

அம்மன்றம் 1812இல் ஒழிக்கப்பட்ட பின் அதன் வழக்கேடுகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. எஞ்சியவற்றுள் முக்கியமானது, அதன் அலுவலர் ஜோவாவ் டெல்காடோ ஃபிகேய்ரா 1623இல் தொகுத்த அட்டவணை. சுமார் 3,800 வழக்குகளின் சுருக்கம் அதில் உள்ளது. வரலாற்றாசிரியர்கள் இன்று அதைப் பெரும் கொடையாகக் கருதுகிறோம். அந்த 3,800 பேரில் ஒருவரும் தம் பெயரை நமக்காகத் தரவில்லை என்பதை நாம் அரிதாகவே நினைக்கிறோம். ஆவணக் காப்பகத்தில் நமக்குக் கிடைக்கும் பெயர்களில் பல, அச்சத்தில் சொல்லப்பட்டவை.

பைவாவின் பட்டியலுக்குத் திரும்புவோம். அதில் வேறொரு செய்தியும் உண்டு. தம்மை ‘வெள்ளையர்’ எனக் கருதிய பரதேசி யூதர்களின் குடும்பங்களே பெயரோடு எழுதப்பட்டன. பல நூற்றாண்டுகளாக மலபாரில் வாழ்ந்து, எண்ணிக்கையிலும் மிகுந்திருந்த மற்ற யூதர்களோ ஊர்களாகவும் ஜெபாலயங்களாகவும் குடித்தொகையாகவும் மட்டுமே குறிக்கப்பட்டனர். ஒருவருக்குப் பெயர், மற்றவருக்கு எண். தெருவில் முன்னரே இருந்த ஏற்றத்தாழ்வு இவ்வாறு அச்சிலும் ஏறியது. யார் மூத்தவர், யார் தூயவர் என்னும் பூசலில் அயலார் எழுதிவைத்த இத்தகைய குறிப்புகள் சான்றாகவும் ஆயின. பரதேசி ஜெபாலயத்தில் முழு உரிமை மறுக்கப்பட்ட பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967), இருபதாம் நூற்றாண்டில் அங்கு அறப்போராட்டம் நடத்தியே அவ்வுரிமையைக் கோர வேண்டியிருந்தது.

எனவே, பெயர் வெளிப்படுவது மட்டுமே தீங்கு என்று முடிவுகட்ட இயலாது. பெயர் விடுபடுவதும் தீங்காகலாம். வல்லார்பாடம் இதற்கு அண்மைக்காலச் சான்று. காயலுக்குள் கிடக்கும் அத்தீவில் 2011 பிப்ரவரியில் பன்னாட்டுச் சரக்குப்பெட்டக முனையம் திறக்கப்பட்டது. அதற்கான சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் மூலம்பிள்ளி முதலிய ஊர்களிலிருந்து 316 குடும்பங்கள் அகற்றப்பட்டன. 2008இல் மறுவாழ்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டும், அதன் நிறைவேற்றம் நெடுங்காலம் இழுபறியாயிற்று. அக்குடும்பங்களுக்குப் பட்டியலில் பெயர் இருப்பதே உரிமை. இல்லையேல் நிலமும் இல்லை, இழப்பீடும் இல்லை. அரசின் பட்டியலில் இடம்பெற விரும்பும் அதே மனிதர், தம் வீட்டு நிலவரத்தை எவர் வேண்டுமானாலும் அறியலாம் என்று ஒப்புக்கொண்டவர் ஆகமாட்டார். ஒரே பெயர், இருவேறு பட்டியல்கள், இருவேறு பொருள்கள். தனியுரிமை என்பதை மறைப்பு என்று மட்டும் புரிந்துகொண்டால் இந்த வேறுபாடு பிடிபடாது. தன் பெயர் எந்த ஏட்டில், எந்தப் பயனுக்காக எழுதப்படுகிறது என்பதில் தனக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

பழைய வணிக உலகில் இந்தச் சொல்லுரிமைக்கு இடம் இருந்தது. கெய்ரோ கெனிசாவில் கிடைத்த, 12ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையோடு வணிகம் செய்த ஆபிரகாம் பென் இஜு முதலியோரின் கடிதங்களை நோக்குக. கடிதம் தெரு எண்ணைத் தேடிச் செல்வதில்லை. அறிமுகமான பயணி ஒருவரின் கையில் ஆளைத் தேடிச் செல்கிறது. இடையில் நிற்பவர் இருதரப்பையும் அறிந்தவர், அவரே பிணையுமாவார். தமிழில் ‘விலாசம்’ என்னும் சொல்லையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். நகரத்தார் வணிகத்தில் விலாசம் என்பது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் அமைந்த நிறுவனப் பெயர். ஊரறிய வழங்குவது அது. அதற்குப் பின்னுள்ள கணக்குகளும் வீட்டுச் செய்திகளும் கடைக்குள் இருந்தன. இன்றோ அச்சொல் கதவிலக்கத்தையே குறிக்கிறது.

பைவா வந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின் நடந்தது இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. தி ஹேக் நகரின் வங்கியாளர் டோபியாஸ் போவாஸ், கொச்சி யூதர்களைப் பற்றிய வினாக்களைக் கடிதம் வழியே அனுப்பினார். டச்சுக் கம்பெனியின் பெருவணிகராகக் கொச்சியில் விளங்கிய எசக்கியேல் ரஹாபி 1768இல் விடை எழுதினார். இம்முறை எழுதுகோல் கேட்டவர் கையில் இல்லை, விடை சொல்பவர் கையில் இருந்தது. எதைச் சொல்வது, எதை விடுவது, எந்த வரிசையில் சொல்வது என்பதை ரஹாபியே முடிவு செய்தார். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை: ரஹாபி செல்வரும் பரதேசிப் பிரிவினரும் ஆவார். சமூகத்தின் சார்பில் பேசும் ஒருவர், அச்சமூகத்தின் ஒவ்வொருவரிடமும் இசைவு பெற்றவர் ஆகமாட்டார். இன்றைய குழு நிர்வாகிகளுக்கும் இது பொருந்தும்.

இன்றைய சட்டநிலைக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2020இல் கொரோனா காலத்தில் கேரள அரசு மக்களின் உடல்நலத் தகவல்களைத் தொகுக்க ஸ்பிரிங்க்ளர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் தளத்தைப் பயன்படுத்தியபோது வழக்கு எழுந்தது. எர்ணாகுளக் கரையில் இருக்கும் கேரள உயர் நீதிமன்றம் ஏப்ரல் 24 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆளை அடையாளம் காட்டும் கூறுகளை நீக்கிய பின்னரே தரவை அந்நிறுவனம் அணுகலாம். இனிமேல் தகவல் தருவோரிடம் அதைத் தெரிவித்து இசைவு பெற வேண்டும் என்பன அதன் முக்கியக் கூறுகள்.

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இசைவையே நடுவாக வைக்கிறது. எனினும் அதன் மூன்று விலக்குகளை நாம் கவனிக்க வேண்டும். ஒருவர் தம் சொந்த, வீட்டுப் பயனுக்காகத் தரவைக் கையாண்டால் சட்டம் பொருந்தாது. ஒருவர் தாமே பொதுவெளியில் வெளியிட்ட தரவுக்கும் பொருந்தாது. வரையறுக்கப்பட்ட நெறிகளுக்கு உட்பட்டு, ஆய்வுக்கும் ஆவணக் காப்புக்கும் புள்ளியியலுக்கும் விலக்கு உண்டு. அதாவது, குழுவில் அறிமுகமற்ற தனிமனிதர் தம் சொந்தப் பயனுக்காக எண் கேட்கும்போதும், ஆய்வாளர் கேட்கும்போதும் சட்டத்தின் கை தளர்ந்தே இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது நம் அறமே.

ஆய்வாளர்களுக்கு மட்டாஞ்சேரி தரும் மற்றொரு பாடம் உண்டு. 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். யூதர் தெருவில் எஞ்சியோர் அண்மைக் காலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினராயினர். அத்தகைய இடத்தில் பெயரை நீக்கிவிட்டு ‘எழுபது வயதைக் கடந்த பெண்மணி’ என்று எழுதினாலும் தெருவே அவரை அறிந்துகொள்ளும். பெருங்கூட்டத்தில் பயன்படும் பெயர்நீக்கம் சிறு சமூகத்தில் பயன்படாது. மூலம்பிள்ளிக் குடும்பங்களுக்கும், ஒரு கல்லூரியின் முதல் தலைமுறை மாணவர் குழுவுக்கும் இது பொருந்தும்.

ஆகவே நடைமுறைக்குச் சில. களப்பணிக்காக ஒரு குழுவில் சேர்ந்தால் உறுப்பினர் எண்களைக் கேட்காமல், நம் எண்ணையும் ஆய்வின் நோக்கத்தையும் துறையின் பெயரையும் முதலில் தருவோம். விரும்புவோர் தாமே அழைக்கட்டும். மூன்றாமவரின் எண்ணை ஒருவர் நம்மிடம் கேட்டால், அதைக் கொடுக்காமல், கேட்டவரின் எண்ணை அந்த மூன்றாமவருக்கு அனுப்புவோம்; பழைய அறிமுகக் கடிதத்தின் முறை அதுதான். ஆய்வு முடிந்தபின் எண்களை எப்போது அழிப்போம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்வோம். மறுப்பவரிடம் காரணம் கேளாதிருப்போம். தகவல் தந்தவரைத் தேவையெனில் பெயரோடு குறிப்பிடுவதா, மறைப்பதா என்பதை அவரிடமே கேட்போம்; சிலர் தம் பெயர் நூலில் வர வேண்டும் என்றே விரும்புவர். அவர்களைப் பாதுகாப்பின் பெயரால் பெயரற்றவர்களாக்கும் அதிகாரம் நமக்கில்லை.

உங்கள் துறைகளில் களப்பணித் தொடர்புப் பட்டியல்களைக் கையாள எழுதப்பட்ட நெறிமுறை ஏதும் இருந்தால் கருத்துரையில் தெரிவியுங்கள். பட்டியலை மட்டும் யாரும் இணைக்க வேண்டாம்.