நடுநிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்களுக்கான முதுநிலைக் கல்வி (அமெரிக்கா)

அமெரிக்காவில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் கணிதம் கற்பிப்போர், பணியில் இருந்தபடியே பயிலும் முதுநிலைப் படிப்பு இது. அங்கே நடுநிலை வகுப்பு ஆசிரியர் பலர் தொடக்கக் கல்விப் பயிற்சியோடு வந்தவர்கள். கணிதத்தை முதன்மைப் பாடமாகப் படித்தவர்கள் அல்லர். ஆனால் மாணவர் எண்கணிதத்திலிருந்து இயற்கணிதத்துக்குக் கடக்கும் கடினமான கட்டம் இதுவே. பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம், இரு குறை எண்களின் பெருக்கற்பலன் ஏன் மிகை எண்ணாகிறது என்று மாணவர் கேட்டால், விதியைச் சொல்வது விடையாகாது. காரணத்தை விளக்க வேண்டும். உயர்கணிதத் தாள்களைக் கூட்டுவதால் மட்டும் இந்தத் திறன் வந்துவிடாது. பாடப்பொருளைக் கற்பிப்பதற்கெனத் தனி அறிவு உண்டு என்று கல்வியியல் அறிஞர் லீ ஷுல்மன் 1986இல் முன்வைத்த கருத்து இங்கே மிகவும் பொருந்துகிறது. ஆகவே நல்ல பாடத்திட்டங்கள் விகிதசமம், எண் கோட்பாடு, வடிவியல், நிகழ்தகவு ஆகியவற்றைப் பள்ளிப் பாடத்தோடு இணைத்து ஆழமாக நடத்துகின்றன. நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழகம் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியோடு நடத்திய ‘மேத் இன் த மிடில்’ திட்டம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கணிதத் துறையினரும் கல்வித் துறையினரும் அதில் சேர்ந்து பணியாற்றினர். பணிக்கு முந்தைய பயிற்சியைப் பொறுத்தவரை, வருங்கால நடுநிலைக் கணித ஆசிரியர் குறைந்தது 21 பருவ மணி (semester hours) அளவு கணிதம் படிக்க வேண்டும் என்று அமெரிக்கக் கணிதச் சங்கங்களின் கூட்டமைப்பு 2001இல் பரிந்துரைத்தது. 2012இல் அதை 24 ஆக உயர்த்தியது.