கருவி இல்லாக் காலத்தில் நோயறிந்த முறை: சைனாடவுன் தோங் சாய் மருத்துவ நிலையம்

சைனாடவுன் ஓரமாகச் செல்லும் இயூ டோங் சென் சாலையில், சீனக் கோயில் போல ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. 1892இல் கட்டி முடிக்கப்பட்டது. அதில் இயங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் 1867இல் தொடங்கியது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் வைத்தியமும் மருந்தும் இலவசம். தேர்வில் பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். “மிஷின் இல்லாம நோயை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?” என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கையடக்க உடல்வெப்பமானி மேல்நாட்டிலேயே 1860களில்தான் வந்தது. சீன வைத்தியரிடம் இருந்தவை நான்கு வழிகள்: பார்ப்பது, குரலையும் மூச்சையும் கேட்டு, வாடையையும் கவனிப்பது, விசாரிப்பது, கடைசியாகத்தான் நாடியைத் தொடுவது. இந்த வரிசையைக் கவனியுங்கள். முகநிறம், நாக்கு, நடை இவற்றைப் பார்த்த பிறகே கை மணிக்கட்டுக்குப் போகிறது.

நம் சித்த மருத்துவத்தில் இது எண்வகைத் தேர்வு. நிறம், நா, விழி, மொழி, தொடுகை, மலம், சிறுநீர், கூடவே நாடி. கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பார்கள். (948ஆம் குறளில் வரும் ‘நாடி’ இதுவல்ல, அங்கே அது ‘ஆராய்ந்து’ என்னும் வினையெச்சம். ஒவ்வோர் ஆண்டும் யாராவது தவறாக எழுதுகிறார்கள்!)

இவற்றை அப்படியே புகழ்ந்து எழுதிவிடாதீர்கள். நாடியை மட்டும் வைத்து மாரடைப்பை உறுதிசெய்ய முடியாது. அதற்கு இசிஜியும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஆனால் ஒருவர் கண்முன் சுருண்டு விழுந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை நம்மிடமும் கருவி கிடையாது. பதற்றத்தில் நாடி பிடிப்பவர் தன் விரல் துடிப்பையே அவருடையது என்று நினைத்துவிடலாம். அதனால்தான் பொதுமக்கள் நாடி பார்க்கத் தேவையில்லை என்று 2000ஆம் ஆண்டின் அனைத்துலக முதலுதவி வழிகாட்டுதல்கள் மாற்றின. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் 995ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போடுங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். விட்டுவிட்டு இழுக்கும் மூச்சு, மூச்சில் சேராது. உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.