கொங்கு நாட்டில் ஆளுங்கட்சி மீதான அதிருப்தியும் வெகுமக்கள்வாதமும்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், நீலகிரி மாவட்டங்களும் சேலம், தருமபுரி, திண்டுக்கல் மாவட்டங்களின் சில பகுதிகளும் அடங்கிய கொங்கு நாட்டில், ஆட்சியில் இருக்கும் கட்சியின் மீது வாக்காளர்கள் கொள்ளும் கோபம் 1970 முதல் பலமுறை அரசியல் வடிவம் எடுத்துள்ளது. அந்தக் கோபம் பெரும்பாலும் கொள்கைப் பூசலில் பிறந்ததில்லை. மின்கட்டணம், பாசன நீர், நூல் விலை, வரி ஆகியவையே அதன் ஊற்றுக்கண். விவசாயிகள் சங்கமும் அதிலிருந்து முளைத்த கட்சியும், சாதி அடிப்படையிலான வட்டாரக் கட்சிகளும், திரை நடிகர்களின் கட்சிகளும், பாரதிய ஜனதாவும் வெவ்வேறு காலங்களில் அதை அறுவடை செய்ய முயன்றன. தனித்து நின்று நிலைத்தவை மிகச் சில.

பின்னணி

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி என்பதால் கொங்கு மண்ணின் வேளாண்மை கிணற்றை நம்பியது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. அடுத்த தலைமுறையில் கிணறுகளில் பம்புசெட் ஏறியது. பம்பு, மோட்டார் செய்யும் பட்டறைகளும் சோமனூர், பல்லடம் பகுதிகளின் விசைத்தறிகளும் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் பின்னர் வளர்ந்தன. தோட்டம் வைத்திருந்த குடும்பமே தறியும் போட்டது, பட்டறையும் வைத்தது. ஆகவே மின்கட்டணத்தில் ஒரு பைசா ஏறினாலும் அது வயலையும் தொழிலையும் ஒருசேரத் தொட்டது. டெல்டா விவசாயிக்கு ஆற்று நீர் எப்படியோ, கொங்கு விவசாயிக்கு மின்சாரம் அப்படி. இங்கு ஆளுங்கட்சியின் மதிப்பெண் மின்வாரியத்தின் கணக்கோடு பிணைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

மின்கட்டணப் போராட்டங்கள்

1970இல் மு. கருணாநிதி தலைமையிலான திமுக அரசு விவசாய மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தியது. கோவை வட்டார விவசாயிகள் பில் கட்ட மறுத்தனர். அவ்வாண்டு ஜூன் 19 அன்று திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தனர். அரசு உயர்வைச் சற்றே குறைத்தது. ஆனால் 1972இல் மீண்டும் கட்டணம் ஏறியது. இம்முறை விவசாயிகள் ஆயிரக்கணக்கான கட்டை வண்டிகளைக் கோவை நகருக்குள் ஓட்டிவந்து தெருக்களை அடைத்தனர். காளைகளை அவிழ்த்துக்கொண்டு வண்டிகளை மட்டும் விட்டுச் சென்றதால் நகரம் செயலிழந்தது. அக்காலத்து இந்திய விவசாயிகள் போராட்டங்களில் இதற்கு ஈடான திட்டமிடல் அரிது. 1972 ஜூலை 5 அன்று மாநிலத்தின் பல இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் பலர் உயிரிழந்தனர். அந்நாளை விவசாயிகள் சங்கங்கள் இன்றும் உழவர் தினமாக நினைவுகூர்கின்றன.

இப்போராட்டங்களின் தலைவர் கோவையை அடுத்த வையம்பாளையத்தைச் சேர்ந்த சி. நாராயணசாமி நாயுடு. அவர் தலைமையில் தமிழக விவசாயிகள் சங்கம் கட்சிகளுக்கு வெளியே நின்று வளர்ந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் கடன் தள்ளுபடி, மின்கட்டணக் குறைப்பு ஆகிய கோரிக்கைகளுக்காக மோதல்களும் கைதுகளும் தொடர்ந்தன. சங்கம் 1982இல் தனிக் கட்சி தொடங்கியது. அரசை மண்டியிடச் செய்த சங்கத்தால் வாக்குச்சாவடியில் எழ முடியவில்லை. பில் கட்டாமல் போராடியவர், தேர்தல் நாளில் திமுகவின் உதயசூரியனுக்கோ அதிமுகவின் இரட்டை இலைக்கோதான் வாக்களித்தார். தேர்தல் பிரசாரத்துக்காகக் கோவில்பட்டி சென்றிருந்த நாயுடு 1984 டிசம்பர் 21 அன்று அங்கு காலமானார். கட்சி தேய்ந்தது. கோரிக்கை வென்றது: 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கும், 1989இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வழங்கின.

எம்.ஜி.ஆரும் இருவகை வெகுமக்கள்வாதமும்

திமுக மீதான கோபத்தின் பெரும் பயனாளி எம்.ஜி.ஆர். அவர் 1972 அக்டோபரில் அதிமுகவைத் தொடங்கியபோது துப்பாக்கிச் சூட்டின் ரணம் ஆறியிருக்கவில்லை. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தல் வெற்றியை அடுத்து, 1974இல் கோவை மேற்கு சட்டமன்ற இடைத்தேர்தலில் அதிமுகவின் செ. அரங்கநாயகம் வென்றார். உடன் நடந்த கோவை மக்களவை இடைத்தேர்தலில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணன் வென்றார். கொங்கு அதிமுகவின் கோட்டை என்ற பெயரின் தொடக்கம் இங்குதான்.

திராவிடக் கட்சிகளை ஆராய்ந்த நரேந்திர சுப்ரமணியன், திமுகவின் வெகுமக்கள்வாதம் இடைநிலைச் சமூகங்களின் உரிமைக் குரலாகவும், அதிமுகவினுடையது ஏழைகளுக்கும் பெண்களுக்கும் காப்பாளராக நிற்கும் தலைவரின் கருணையாகவும் அமைந்தன என்று வேறுபடுத்தினார். எம்.ஜி.ஆர். என்ற பிம்பத்தின் அரசியலை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட ஆங்கில நூலில் கடுமையாக விமர்சித்தார். கொங்கில் இவ்விரு வகைகளுமே செல்லுபடியாயின. மின்சாரச் சலுகை நிலமுடையோர் போராடிப் பெற்ற உரிமை. 1982இன் சத்துணவு, 2006இன் வண்ணத் தொலைக்காட்சி, 2011இன் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, 2023இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை ஆகியவை தேர்தல் வாக்குறுதியாகவோ ஆட்சியின் திட்டமாகவோ வந்தவை. வெளியிலிருந்து வரும் கலகக் கட்சிக்குப் பல நாடுகளில் கிடைக்கும் இடத்தை, தமிழகத்தில் ஆளும் கட்சிகளே முன்கூட்டி நிரப்பிவிட்டன.

மொடக்குறிச்சி, 1996

தமிழகத் தேர்தல் வரலாற்றில் ஆட்சியாளர் மீதான அதிருப்தியின் விசித்திரமான வெளிப்பாடு ஈரோடு வட்டாரத்தில் நடந்தது. தங்கள் கோரிக்கைகளை அரசுகள் காதில் வாங்கவில்லை என்று கூறி, 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வேட்புமனுத் தாக்கல் செய்தனர். இறுதியில் 1,033 பேர் களத்தில் இருந்தனர். வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்பட்டது, வாக்குச்சீட்டு புத்தக அளவுக்குத் தடித்தது. வென்றவர் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன். வேட்பாளர்களில் பலர் ஒரு வாக்குகூடப் பெறவில்லை, அதாவது தங்கள் வாக்கையும் தமக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் தேடியது பதவியை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேரும் கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேரும் இவ்வழியில் போட்டியிட்டனர். குடிநீரும் பாசனமும் விலையும் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் சட்டத்திருத்தம்: சட்டமன்றத் தேர்தல் காப்புத்தொகை பொதுப் பிரிவினருக்கு 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், மக்களவைக்கு 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. சுயேச்சைகளை முன்மொழியப் பத்து வாக்காளர்கள் தேவை என்றானது. எதிர்ப்பின் காரணத்தைத் தொடாமல் வாசலைக் குறுக்கிய திருத்தம் இது.

வட்டாரக் கட்சிகளும் சாதியும்

1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் உயிரிழந்தனர். அதையடுத்த மக்களவைத் தேர்தலில் பாரதிய ஜனதாவின் சி.பி. ராதாகிருஷ்ணன் கோவையில் வென்றார், 1999இலும் வென்றார். இரு முறையும் திராவிடக் கட்சி ஒன்றின் கூட்டணி அவருக்கு இருந்தது.

2009 பிப்ரவரியில் கருமத்தம்பட்டி மாநாட்டையொட்டி உருவான கொங்குநாடு முன்னேற்றக் கழகம் வேறு வகை. இரண்டு பெரிய கட்சிகளும் கொங்கைப் புறக்கணிக்கின்றன என்ற மனக்குறையே அதன் முதலீடு. கள் இறக்க அனுமதி, நதிநீர்த் திட்டங்கள் ஆகிய பொதுக் கோரிக்கைகளோடு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு எதிரான குரலும் கலந்திருந்தது. ஆகவே, கொங்கின் குரல் என்று முன்வைக்கப்பட்டது நிலமுடைய கவுண்டர் சமூகத்தின் குரல்தான் என்ற விமர்சனம் எழுந்தது, அது பொருத்தமானதே. இதே ஆண்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராக 2015 ஜனவரியில் திருச்செங்கோட்டில் நடந்த கடையடைப்பு, வட்டார மான உணர்வு எவ்வளவு எளிதில் தனி ஒருவர் மீது திரும்பும் என்பதைக் காட்டியது.

2009 மக்களவைத் தேர்தலில் கொங்குநாடு முன்னேற்றக் கழகத்தின் ஈ.ஆர். ஈஸ்வரன் கோவையில் 1,20,000க்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். 2011இல் திமுக கூட்டணியில் 7 இடங்களில் போட்டியிட்டு அனைத்திலும் கட்சி தோற்றது. பின்னர் பிளவுபட்டு, ஈஸ்வரன் தலைமையில் கொங்குநாடு மக்கள் தேசிய கட்சி தோன்றியது. 2019இல் நாமக்கல் மக்களவைத் தொகுதியிலும் 2021இல் திருச்செங்கோட்டிலும் இக்கட்சி வென்றது, இரண்டிலும் உதயசூரியன் சின்னத்தில்.

மின்வெட்டு முதல் ஜிஎஸ்டி வரை

2008இல் தொடங்கிய மின்வெட்டு கோவையின் பட்டறைகளையும் தறிகளையும் முடக்கியது. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அவ்வாண்டுத் தேர்தலில் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அதிமுக கூட்டணி கைப்பற்றியது. ஆட்சி மாறியும் மின்வெட்டு உடனே தீரவில்லை. 2012இல் மேலும் மோசமானது. ஆனாலும் 2016இல் மாவட்டத்தின் 9 தொகுதிகள் அதிமுகவுக்கே கிடைத்தன. ஆளுங்கட்சி மீதான கொங்கின் சினம் எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே அளவில் விழுவதில்லை என்பது இதிலிருந்து தெரியும்.

2016 நவம்பரின் பணமதிப்பு நீக்கமும் 2017 ஜூலையின் ஜிஎஸ்டியும் ரொக்கத்திலும் ஜாப் ஆர்டரிலும் ஓடிய சிறு தொழில்களை உலுக்கின. எடப்பாடி பழனிசாமி என்ற கொங்கு முதலமைச்சர் ஆட்சியில் இருந்தும், 2019 மக்களவைத் தேர்தலில் இப்பகுதித் தொகுதிகளை திமுக கூட்டணி வாரிச் சென்றது. இரண்டே ஆண்டில் காற்று திரும்பியது. 2021இல் திமுக மாநிலத்தைப் பிடித்தபோதும் கோவையின் 10 தொகுதிகளும் அதிமுக கூட்டணிக்குப் போயின. கோவை தெற்கில் பாஜகவின் வானதி சீனிவாசன் 1,728 வாக்குகளில் நடிகர் கமல்ஹாசனை வென்றார். மொடக்குறிச்சியில் சுப்புலட்சுமி ஜெகதீசனை பாஜகவின் சி. சரஸ்வதி 281 வாக்குகளில் தோற்கடித்தார். டெல்லி மீதான கோபத்துக்கு ஒரு தேர்தல், சென்னை மீதான கோபத்துக்கு இன்னொரு தேர்தல் என வாக்காளர்கள் கணக்கைப் பிரித்து வைத்துக்கொண்டதாகவே இம்முடிவுகளைக் கொள்ளலாம்.

2021க்குப் பின்

2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. அப்போது மின்துறையின் அமைச்சர் கரூரைச் சேர்ந்த செந்தில் பாலாஜி. நிலைக்கட்டணம், உச்சநேரக் கட்டணம் ஆகியவற்றை எதிர்த்து 2023 செப்டம்பர் 25 அன்று சிறு, குறு தொழில்கள் மாநிலம் முழுவதும் கதவடைத்தன. ஒன்றிய அரசு மீதும் வருத்தம் குறையவில்லை. 2024 செப்டம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கலந்துகொண்ட கோவைக் கூட்டத்தில், பன்னுக்கு வரி இல்லை, கிரீம் வைத்தால் 18 விழுக்காடு என்று ஓர் உணவக உரிமையாளர் நகைச்சுவையாக முறையிட்டார். பின்னர் அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி வெளியாகிப் பெரும் சர்ச்சையானது.

அத்திக்கடவு–அவினாசித் திட்டம் இவ்வட்டாரத்து அதிருப்தியின் நீண்ட கதை. அறுபது ஆண்டுக் கோரிக்கை, பல தேர்தல்களின் வாக்குறுதி. 2016இல் உண்ணாவிரதங்கள், 2019இல் பழனிசாமியின் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17 அன்று மு.க. ஸ்டாலினின் தொடக்கம் என்று அது நிறைவேறியது. பவானி ஆற்றின் உபரிநீரை 1,045 நீர்நிலைகளுக்குக் கொண்டுசெல்வது அதன் நோக்கம்.

ஆளுங்கட்சி மீதான அதிருப்தி வேறிடத்தில் எடுக்கும் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரிட்டனில் 2024 ஜூலையில் தொழிற்கட்சி 34 விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளில் 411 இடங்களைப் பிடித்தது. ஓராண்டுக்குள், 2025 மே உள்ளாட்சித் தேர்தலில், நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி 677 இடங்களை வென்றது. அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் அதே முறைதான் இந்தியாவிலும். ஆனால் இங்கு சிறு கட்சிகள் கூட்டணிக்குள் இழுக்கப்படுகின்றன. வெளியே நிற்பவை வாக்கோடு நின்றுவிடுகின்றன. 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி மாநிலத்தில் 8 விழுக்காடு வாக்குகள் பெற்றும் ஓரிடம்கூட வெல்லவில்லை. அதே தேர்தலில் கோவையில் அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் கே. அண்ணாமலை நான்கரை லட்சம் வாக்குகள் பெற்று அதிமுகவை மூன்றாமிடத்துக்குத் தள்ளினார். வென்றவர் 1,18,000 வாக்கு வித்தியாசத்தில் திமுகவின் கணபதி ராஜ்குமார். 1996க்குப் பின் அத்தொகுதியில் அக்கட்சிக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

நடிகர் விஜய் 2024 பிப்ரவரியில் தொடங்கிய தமிழக வெற்றிக் கழகம், இரு கட்சிகள் மீதான சலிப்பை நம்பி வந்த புதிய முயற்சி. அதன் வாக்குச்சாவடி முகவர்கள் கூட்டம் 2025 ஏப்ரலில் கோவையில் நடந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 27 அன்று கரூரில் அவர் பிரசாரத்துக்குத் திரண்ட கூட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தனர். 2025 பிப்ரவரியில் அன்னூரில் அத்திக்கடவுத் திட்டத்துக்காக பழனிசாமிக்கு நடந்த பாராட்டு விழாவை, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா படங்கள் இல்லை என்று கூறிப் புறக்கணித்தவர் கோபிசெட்டிபாளையத்தின் அதிமுக தலைவர் கே.ஏ. செங்கோட்டையன். 1977இல் முதன்முறை சட்டமன்றம் சென்ற அவர் அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, நவம்பர் 27 அன்று விஜய்யின் கட்சியில் சேர்ந்தார்.